14 நாளில் 2 கோப்பை... வரலாற்றில் ஒரே ஒரு வீரர்! அயர்லாந்தில் ‘டூயல் பிளேயர்’கள் காணாமல் போவது ஏன்?

1990, செப்டம்பர் 2. அயர்லாந்து தலைநகர் டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானம். ஹர்லிங் ஆட்டத்தின் ஆல் அயர்லாந்து இறுதிப்போட்டி. கார்க் அணி கோப்பையைத் தூக்குகிறது.

சரியாக 14 நாள் கழித்து, செப்டம்பர் 16. அதே மைதானம். இந்த முறை கேலிக் கால்பந்து இறுதிப்போட்டி. மறுபடியும் ஜெயித்தது கார்க்தான்.

இந்த இரண்டு இறுதிப்போட்டியிலும் களமிறங்கி விளையாடினார் ஒருவர். பெயர் டெடி மெக்கார்த்தி. அப்போது வயது 25.

ஒரே ஆண்டில் இரண்டு ஆட்டத்தின் இறுதிப்போட்டியிலும் விளையாடி, சீனியர் ஆல் அயர்லாந்து பட்டத்தை இரண்டிலும் வென்ற ஆண் வீரர் இவர் ஒருவர்தான். அவருக்கு முன்பும் யாரும் இல்லை, பின்பும் இல்லை. இனிமேல் வருவாரா என்பதும் பெரிய கேள்விக்குறி.

அது ஏன்? இந்த ‘டூயல் பிளேயர்’ என்றால் யார்? ஆண்களில் அபூர்வமாகிப் போன இந்தச் சாதனையை இரண்டு பெண்கள் 6 முறை செய்து காட்டியது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

டூயல் பிளேயர் என்றால் என்ன?

அயர்லாந்துக்கு என்றே சொந்தமான இரண்டு பெரிய ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று கேலிக் கால்பந்து. இன்னொன்று ஹர்லிங். இரண்டையும் நடத்துவது கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் என்ற ஒரே அமைப்பு. சுருக்கமாக ஜிஏஏ. 1884 நவம்பர் 1-ம் தேதி டிப்பரரி பகுதியின் தர்லஸ் என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் கூடிய சிறிய கூட்டத்தில் தொடங்கப்பட்ட சங்கம் இது.

அயர்லாந்து தீவு 32 கவுண்டிகளாகப் பிரிந்திருக்கிறது. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு அணி. பொதுவாகச் சொந்தக் கவுண்டிக்காகத்தான் ஆட வேண்டும். ஏலம் கிடையாது, கோடிகளில் ஒப்பந்தம் கிடையாது.

ஒரே வீரர் தன் கவுண்டியின் கால்பந்து அணியிலும், ஹர்லிங் அணியிலும் விளையாடினால் அவர்தான் டூயல் பிளேயர். அதாவது இரட்டை ஆட்டக்காரர்.

கேட்க சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், ஒரே மைதானத்தில் ஆடப்படுகிறது என்பதைத் தவிர இந்த இரண்டு ஆட்டமும் கேட்கிற திறமை வேறு வேறு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் ஒற்றுமை. இரண்டிலும் ஒரு அணிக்கு 15 பேர். கவுண்டி சீனியர் ஆட்டம் 70 நிமிடம். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம். வழக்கமான கால்பந்து மைதானத்தை விடப் பெரியது. இரு பக்கமும் ஆங்கில ‘எச்’ எழுத்து வடிவில் கோல் கம்பம்.

கேலிக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது கால் நுனியில் போட்டு மறுபடி கைக்கே உதைத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டே இதைச் செய்யணும், பக்கத்தில் ஒருவர் தோளால் இடித்துக்கொண்டே வருவார்.

ஹர்லிங் அப்படியே வேறு உலகம். கையில் சுமார் மூன்றடி நீள மட்டை. ஆஷ் மரத்தில் செய்வது வழக்கம், பெயர் ஹர்லி. பந்து சின்னது, தோல் தைத்தது, பெயர் ஸ்லிட்டர். பார்க்க ஹாக்கி மாதிரி தெரியும். ஆனால் ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையோடு போகும். இங்கே தலைக்கு மேலே பறக்கும். மட்டை நுனியில் பந்தைத் தாங்கிக்கொண்டே முழு வேகத்தில் ஓடுவார்கள். புல்தரை ஆட்டங்களில் உலகிலேயே வேகமானது என்று அயர்லாந்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். 2018-ல் யுனெஸ்கோவின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலிலும் ஹர்லிங் இடம் பிடித்தது.

கால்பந்துக்கு வேண்டியது உயரமாகத் தாவிப் பந்தைப் பிடிக்கும் வலு, இடியைத் தாங்கும் உடம்பு. ஹர்லிங்குக்கு வேண்டியது மணிக்கட்டும் கண்ணும். சின்ன வயதிலிருந்தே மட்டையைக் கையில் பிடித்து வளராதவர்களுக்கு ஹர்லிங் அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது.

ஸ்கோரைப் படிப்பது எப்படி?

இங்கேதான் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். பந்து கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. ஸ்கோரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுவார்கள்.

உதாரணத்துக்கு 1990 ஹர்லிங் இறுதிப்போட்டி. கார்க் 5-15, கால்வே 2-21. கார்க் 5 கோல், 15 புள்ளி. ஆக 30. கால்வே 2 கோல், 21 புள்ளி. ஆக 27. மூன்று புள்ளி வித்தியாசத்தில் கார்க் வெற்றி. சிம்பிள்.

கேலிக் கால்பந்தில் மட்டும் 2025-ல் புது விதி வந்தது. 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து கம்பத்துக்கு மேலே அடித்தால் 2 புள்ளி. டெடி மெக்கார்த்தி காலத்தில் அதெல்லாம் கிடையாது.

யார் இந்த டெடி மெக்கார்த்தி?

1965-ல் பிறந்தவர். கார்க் நகரத்தை ஒட்டியுள்ள கிளான்மயர் பகுதிதான் சொந்த ஊர். அங்கே ஹர்லிங் ஆட சார்ஸ்ஃபீல்ட்ஸ் என்ற கிளப், கால்பந்து ஆட கிளான்மயர் என்ற கிளப். பெயர்தான் இரண்டு. ஊரும் ஒன்று, பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு வாரம் மட்டையோடு, அடுத்த வாரம் கால்பந்தோடு.

கார்க் பகுதியில் இது மிகச் சாதாரணம். இப்படி ஜோடியாக இருக்கும் கிளப்களைச் ‘சகோதர கிளப்’ என்பார்கள். எந்த ஆட்டம் என்று அங்கே ஒரு சிறுவன் முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் ஆடித்தான் வளர்வான்.

டெடியின் பெரிய பலம் அவருடைய தாவல். தன்னை விட உயரமானவர்களுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பார். கால்பந்தில் இது பெரிய ஆயுதம். ஹர்லிங்கிலும் உயரத்தில் வரும் பந்தை மட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக, அந்த ஒரு திறமை இரண்டு ஆட்டத்திலும் அவருக்குக் கை கொடுத்தது.

அவருடைய தொடக்கமே சினிமா மாதிரிதான். கார்க் சீனியர் ஹர்லிங் அணிக்காக அவர் ஆடிய முதல் சாம்பியன்ஷிப் ஆட்டமே 1986 ஆல் அயர்லாந்து இறுதிப்போட்டி. எதிரணி கால்வே. அறிமுக ஆட்டத்திலேயே சாம்பியன் பதக்கம். வயது 21.

கால்பந்தில் மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987 இறுதியில் மீத் அணியிடம் கார்க் தோற்றது. 1988-ல் மறுபடி மீத். முதல் ஆட்டம் டிரா. மறு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 1989-ல் மாயோ அணியை வீழ்த்திய பிறகுதான் கால்பந்து கோப்பை கைக்கு வந்தது.

ஆக, 1990 தொடங்கும்போதே டெடியிடம் இரண்டு ஆட்டத்துக்கும் தலா ஒரு பதக்கம் இருந்தது. வெவ்வேறு ஆண்டுகளில் இரண்டையும் வென்றவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டும் என்பதுதான் யாருக்கும் எட்டாத கனியாக இருந்தது.

அந்த 14 நாட்கள்...

செப்டம்பர் 2 ஹர்லிங் இறுதியில் கால்வேதான் அனைவரும் எதிர்பார்த்த அணி. முதல் பாதியில் கால்வேயின் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் ஆட்டம் தலைகீழானது. கோல் மேல் கோல் விழ, கார்க் 5-15 என முடித்தது. கேப்டன் தாமஸ் மல்காஹி கையில் லியாம் மெக்கார்த்தி கோப்பை.

சாதாரணமாக ஒரு ஹர்லிங் வீரருக்கு அன்றோடு அந்த ஆண்டின் வேலை முடிந்துவிடும். ஊர்வலம், பாட்டு, கொண்டாட்டம் என்று வாரக்கணக்கில் போகும்.

டெடிக்கு அப்படி இல்லை. இன்னும் ஒரு இறுதிப்போட்டி பாக்கி. எதிரே நிற்பது யார் தெரியுமா? 1987, 1988 என இரண்டு முறை அழ வைத்த அதே மீத்.

செப்டம்பர் 16 ஆட்டத்தில் கார்க்குக்கு ஆரம்பத்திலேயே அடி. முதல் பாதியிலேயே கார்க் முன்கள வீரர் கோல்ம் ஓ’நீல் வெளியேற்றப்பட்டார். 15 பேருக்கு எதிராக 14 பேர். அது போதாதென்று கேப்டன் லாரி டாம்ப்கின்ஸுக்கு முழங்காலில் கடுமையான காயம். அவர் வெளியேறவில்லை, அந்தக் காலோடே ஆடினார்.

ஒரு ஆள் குறைவு என்றால், மீதி இருக்கும் ஒவ்வொருவரும் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு வாரம் முன்புதான் 70 நிமிட ஹர்லிங் இறுதி ஆடிய ஒரு உடம்பு அதைத் தாங்க வேண்டும். தாங்கியது. கார்க் 0-11, மீத் 0-9. இரண்டு அணியும் ஒரு கோல்கூட அடிக்காத இறுக்கமான ஆட்டம். சாம் மகுவயர் கோப்பையும் கார்க்குக்கு.

ஒரே ஆண்டில் இரண்டு சீனியர் கோப்பையையும் ஒரு கவுண்டி வென்றது அதற்கு முன் 1900 சாம்பியன்ஷிப்பில்தான். அப்போது வென்றது டிப்பரரி. நடுவில் 90 ஆண்டுகள். அதன் பிறகு இன்று வரை எந்தக் கவுண்டியும் இதைச் செய்யவில்லை.

அவருக்கு முன் யார் யார்?

டூயல் பிளேயர்களின் பட்டியலில் கார்க் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஜாக் லிஞ்ச்: 1941 முதல் 1944 வரை நான்கு ஹர்லிங் பட்டம், 1945-ல் கால்பந்து பட்டம், 1946-ல் மறுபடி ஹர்லிங் பட்டம். தொடர்ந்து 6 ஆண்டு, 6 பதக்கம். பிறகு அரசியலுக்குப் போய் அயர்லாந்தின் பிரதமரே ஆனார். கார்க் நகரில் ஆற்றுக்கு அடியில் செல்லும் சுரங்கச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

ரே கம்மின்ஸ், ஜிம்மி பேரி மர்ஃபி, பிரையன் மர்ஃபி: 1973-ல் கால்பந்து பட்டம். பின்னர் 1976, 1977, 1978 என ஹர்லிங்கில் ஹாட்ரிக். மூவருமே இரண்டிலும் இருந்தார்கள்.

லியாம் கர்ரம்ஸ்: இவர் கார்க் இல்லை, ஆஃபலி. 1981-ல் ஹர்லிங், 1982-ல் கால்பந்து. அந்த 1982 இறுதியில்தான் தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்குக் காத்திருந்த கெர்ரி அணியின் கனவை ஆஃபலி கடைசி நேர கோலில் உடைத்தது.

டெடிக்குப் பிறகு அவர் சாதனைக்கு மிக அருகில் வந்தவர் ஷான் ஓக் ஓ ஹால்பின். பிஜி தீவில் பிறந்தவர். அம்மா ரொட்டுமா தீவு, அப்பா அயர்லாந்தின் ஃபெர்மனா. 1999 செப்டம்பரில் கார்க் ஹர்லிங் அணி கில்கென்னியை 0-13, 0-12 என ஒரே புள்ளியில் வென்றபோது அவர் களத்தில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து கால்பந்து இறுதி. எதிரணி மறுபடியும் மீத். இந்த முறை மீத் 1-11, கார்க் 1-8. மூன்றே புள்ளியில் அந்த இரட்டைச் சாதனை நழுவியது.

அப்போ எப்படி முடிந்தது?

முதல் காரணம், அன்றைய போட்டி அட்டவணை. 1990-ல் சாம்பியன்ஷிப் முழுக்க நாக் அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெயிக்கும் அணிக்குக்கூட ஒரு கோடைக்காலத்தில் விரல் விட்டு எண்ணக் கூடிய ஆட்டங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொரு ஆட்டத்துக்கு இடம் இருந்தது.

இரண்டாவது காரணம், பயிற்சி. வேலை முடித்துவிட்டு வாரத்தில் சில மாலைகள் மைதானத்துக்குப் போனால் போதும் என்ற காலம். செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை இன்னொன்று என்று சமாளிக்க முடிந்தது.

இரண்டுமே இன்று மாறிவிட்டன.

சம்பளம் இல்லை... ஆனால் வாரம் 31 மணி நேரம்!

கேலிக் ஆட்டங்களைப் பற்றி வெளிநாட்டவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. குரோக் பார்க்கில் 82 ஆயிரம் பேர் உட்கார முடியும். இறுதிப்போட்டிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் உள்ளே ஆடும் வீரர்களுக்குச் சம்பளம் ஒரு பைசா கிடையாது.

பயணச் செலவு கிடைக்கும். அரசிடமிருந்து சிறிய உதவித்தொகை உண்டு. அவ்வளவுதான். ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், விவசாயி, மாணவர் என ஒவ்வொருவருக்கும் தனி வாழ்க்கை இருக்கிறது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயே ஆகணும்.

ஆனால் தயாரிப்பு மட்டும் தொழில்முறை வீரர்களுக்கு இணையாக மாறிவிட்டது. ஜிம், உணவுக் கட்டுப்பாடு, வீடியோ பார்த்து அலசல், பிசியோ, நெடுந்தூரப் பயணம். அயர்லாந்தின் பொருளாதார மற்றும் சமூக ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, சீனியர் கவுண்டி வீரர் ஒருவர் தன் ஆட்டத்துக்காக வாரத்தில் 31 மணி நேரம் வரை செலவிடுகிறார்.

இது ஒரு ஆட்டத்துக்கு மட்டும். இரண்டு ஆட்டம் என்றால்? வேலைக்கு எப்போது போவது, தூங்குவது எப்போது? டூயல் பிளேயரின் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

14 நாள் இப்போது 7 நாள்!

அடுத்தது ஆட்டங்களின் எண்ணிக்கை. கால்பந்தில் 2001-ல் நாக் அவுட் முறை தளர்த்தப்பட்டது. தோற்ற அணிக்கும் இரண்டாவது வாய்ப்பு. ஹர்லிங்கில் 2018 முதல் கார்க் இருக்கும் மன்ஸ்டர் மாகாணத்தில் ரவுண்ட் ராபின் முறை. ஐந்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் கட்டாயம் 4 ஆட்டம். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு அணியிலும் இருக்க நினைக்கிற வீரருக்கு அட்டவணையில் மூச்சு விட இடமில்லை.

அதற்கு மேலே 2022-ல் வந்தது ‘ஸ்பிளிட் சீசன்’. ஆண்டின் முதல் பாதி கவுண்டி அணிகளுக்கு, இரண்டாம் பாதி கிளப் அணிகளுக்கு என்று பிரித்துவிட்டார்கள். இதில் நல்லதும் இருக்கிறது. கவுண்டி அணிக்காகக் காத்துக் கிடந்த ஆயிரக்கணக்கான கிளப் வீரர்களுக்கு எப்போது ஆட்டம் என்று உறுதியாகத் தெரிகிறது.

ஆனால் செப்டம்பரில் நடந்த இறுதிப்போட்டிகள் ஜூலைக்கு நகர்ந்தன. 2024-ல் ஹர்லிங் இறுதி ஜூலை 21, கால்பந்து இறுதி ஜூலை 28.

கவனித்தீர்களா? டெடிக்குக் கிடைத்தது 14 நாள். இன்று ஒருவர் அதே சாதனையைச் செய்ய நினைத்தால் கிடைப்பது 7 நாள். அதுவும் இறுதிக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. அதற்கு முந்தைய வாரங்களிலும் ஒன்றுவிட்டு ஒன்று ஆட்டம் வந்துகொண்டே இருக்கும்.

“ஒன்றைத் தேர்ந்தெடு” - ஒரு கிளேர் குடும்பத்தின் கதை

மூன்றாவது காரணம், இரண்டு மேனேஜர்கள். ஒவ்வொரு அணிக்கும் தனி மேனேஜர், தனித் திட்டம். அரை வாரம் மட்டும் வந்துபோகும் வீரரை வைத்து அணி அமைக்க இருவருக்குமே தயக்கம் இருக்கும். காயம் பட்டால் இருவருக்கும் இழப்பு.

இதற்குச் சரியான உதாரணம் பாட்ஜ் காலின்ஸ். 2013-ல் கிளேர் கவுண்டி ஆல் அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வென்றபோது அணியின் நட்சத்திரங்களில் ஒருவர். ஆண்டின் சிறந்த அணியைத் தேர்வு செய்யும் ஆல் ஸ்டார் விருதும் கிடைத்தது.

மறு ஆண்டு கிளேர் கால்பந்து அணிக்கும் வந்தார். அந்த அணியின் மேனேஜர் யார் தெரியுமா? அவருடைய அப்பா கோல்ம் காலின்ஸ்! 2014 முழுக்க இரண்டையும் ஆடினார். ஆனால் 2015-க்கு ஹர்லிங் மேனேஜர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார், இனி டூயல் பிளேயர் வேண்டாம் என்று.

இரண்டு வருடம் முன்பு சாம்பியன் பதக்கம் வாங்கிக் கொடுத்த ஆட்டம் ஒரு பக்கம். அப்பாவின் அணி மறுபக்கம். பாட்ஜ் அந்த ஆண்டு கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டே ஹர்லிங்குக்கும் திரும்பினார்.

கார்க்கின் ஏடன் வால்ஷ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2010-ல் கார்க் கால்பந்துப் பட்டம் வென்றபோது நாட்டின் சிறந்த இளம் கால்பந்து வீரர் விருது வாங்கியவர். 2014-ல் இரண்டு அணியிலும் ஆடினார். 2015-ல் ஹர்லிங் மட்டும் என்று முடிவு. அப்புறம் மறுபடி கால்பந்து.

இந்த இருவரையும் பார்த்தால் ஒன்று புரியும். யாருக்கும் ஒரு ஆட்டம் அலுத்துப் போகவில்லை. திறமையும் குறையவில்லை. இரண்டில் எதையும் விட மனசில்லாமல்தான் மாறி மாறிப் போகிறார்கள்.

ஆண்கள் ஒரு முறை... பெண்கள் 6 முறை!

இப்போது கதையின் முக்கியமான திருப்பம்.

பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்கு கமோகி என்று பெயர். பெண்கள் கேலிக் கால்பந்தும் தனியாக நடக்கிறது. இந்த இரண்டிலும் கார்க் கவுண்டிக்காக ஆடிய இருவர், ரீனா பக்லி மற்றும் பிரீஜ் கார்க்கரி.

இருவருக்கும் தலா 18 சீனியர் ஆல் அயர்லாந்து பதக்கம். கால்பந்தில் 11, கமோகியில் 7. ஆண்கள், பெண்கள் எந்தப் பட்டியலை எடுத்தாலும் பிரமிக்க வைக்கும் எண்ணிக்கை இது.

2005, 2006, 2008, 2009, 2014, 2015 என 6 ஆண்டுகளில் கார்க் பெண்கள் இரண்டு கோப்பையையும் வென்றார்கள். ஆறிலும் பக்லியும் கார்க்கரியும் இரண்டு அணியிலும் இருந்தார்கள். ஆண்களில் டெடி மெக்கார்த்தி ஒரே ஒரு முறை தொட்ட உயரத்தை, இவர்கள் 6 முறை தொட்டார்கள்.

இவர்களும் சம்பளத்துக்கு ஆடியவர்கள் இல்லை. பக்லி பிசியோதெரபிஸ்ட். கார்க்கரி கல் கட்டுமான வேலை கற்றவர், பிறகு மாட்டுப் பண்ணை. பகல் முழுக்க கல் தூக்கிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவதை நினைத்துப் பாருங்க.

2014 கால்பந்து இறுதியில் கார்க் கேப்டன் பிரீஜ் கார்க்கரிதான். இரண்டாம் பாதியில் டப்ளினை விட 10 புள்ளி பின்தங்கியிருந்தது கார்க். கடைசியில் 2-13, 2-12 என ஒரே புள்ளியில் வெற்றி. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் கமோகி இறுதியை ஆடி ஜெயித்திருந்தார்.

ரீனா பக்லி 2012-ல் கால்பந்து அணிக்கும், 2017-ல் கமோகி அணிக்கும் கேப்டனாக இருந்து இரண்டு கோப்பையையும் தூக்கியவர். 2017 கமோகி இறுதியில் கார்க் 0-10, கில்கென்னி 0-9. கடைசி நிமிடங்களில் கிடைத்த வெற்றி அது.

இவர்களால் முடிந்ததற்கு அட்டவணையும் ஒரு காரணம். 2014, 2015 இரண்டு ஆண்டிலும் கமோகி இறுதிக்கும் கால்பந்து இறுதிக்கும் நடுவே 14 நாள் இருந்தது. டெடிக்குக் கிடைத்த அதே 14 நாள்!

அந்தக் கதவும் இப்போது மெல்லச் சாத்தப்படுகிறது. 2024-ல் பெண்கள் கால்பந்து இறுதி ஆகஸ்ட் 4, கமோகி இறுதி ஆகஸ்ட் 11. இங்கேயும் 7 நாள்தான்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்களின் இரண்டு ஆட்டத்தையும் நடத்துவது ஒரே சங்கம். பெண்கள் கால்பந்துக்கு 1974-ல் தொடங்கிய தனிச் சங்கம், கமோகிக்கு 1904-ல் தொடங்கிய தனிச் சங்கம். இருவரும் தனித்தனியாக அட்டவணை போடும்போது ஒரே வார இறுதியில் இரண்டு ஆட்டமும் வந்து மோதும். நடுவில் மாட்டிக்கொள்வது டூயல் வீராங்கனைகள்.

இந்த மூன்று சங்கங்களையும் ஒன்றாக இணைக்கும் வேலை நடந்துவருகிறது. அயர்லாந்தின் முன்னாள் அதிபர் மேரி மெக்கலீஸ் தலைமையிலான குழு, 2027-க்குள் இணைப்பை முடிக்க இலக்கு வைத்தது. ஒரே இடத்தில் அட்டவணை போட்டால் மோதல் குறையும் என்பது வீராங்கனைகளின் எதிர்பார்ப்பு.

அப்போ டூயல் பிளேயர் கதை முடிந்ததா?

கவுண்டி அளவில் கிட்டத்தட்ட ஆமாம். ஆனால் கிளப் அளவில் இல்லவே இல்லை.

வடக்கே டெர்ரி கவுண்டியில் ஸ்லாட்நீல் என்று ஒரு கிராமப்புற கிளப். 2016-ல் அல்ஸ்டர் மாகாண கிளப் பட்டங்களைக் கால்பந்து, ஹர்லிங், கமோகி என மூன்றிலும் வென்று அசத்தியது. சின்ன ஊர் என்பதால் தனித்தனி அணிக்கு ஆள் கிடையாது. கால்பந்தில் ஓடியவர்களே ஹர்லிங்கிலும் மட்டை பிடித்தார்கள்.

கார்க் நகரின் செயின்ட் ஃபின்பார்ஸ் இன்னொரு உதாரணம். ஆல் அயர்லாந்து கிளப் பட்டத்தை இரண்டு ஆட்டத்திலும் வென்ற கிளப் அது. ஜிம்மி பேரி மர்ஃபி அங்கிருந்து வந்தவர்தான்.

ஊரில் ஒரு பையன் அல்லது பெண் இன்றும் இரண்டையும் ஆடித்தான் வளர்கிறார்கள். 17, 18 வயதில் கவுண்டி அணியிலிருந்து அழைப்பு வரும்போதுதான் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. “எதை விடப் போகிறாய்?”

டெடி மெக்கார்த்தி வளர்ந்த காலத்தில் அதற்கு ‘எதையும் விடமாட்டேன்’ என்று பதில் சொல்ல முடிந்தது. மாறியது வீரர்கள் இல்லை, காலண்டர்.

2023 ஜூன் மாதம் டெடி மெக்கார்த்தி காலமானார். வயது 57. அவருக்கு மொத்தம் நான்கு ஆல் அயர்லாந்து பதக்கங்கள். ஹர்லிங்கில் இரண்டு, கால்பந்தில் இரண்டு. அதில் 1990 என்று பொறித்த இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 14 நாள்.

அந்த 14 நாளை யாராவது மறுபடி காலண்டரில் ஒதுக்கிக் கொடுத்தால், அயர்லாந்தின் ஏதோ ஒரு ஊரிலிருந்து அடுத்த டெடி வரலாம். அதுவரை ஆண்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான்.